யமஷிதாவின் வாள்

மலேயா போய் வந்த தாத்தா பாட்டி இருக்கிற வீடுகள்ல 'ஜப்பான்காரன் காலம்'னு ஒரு பேச்சு வரும். அந்தக் காலத்தை ஆரம்பிச்சு வைத்தவர் ஜெனரல் தோமோயுகி யமஷிதா.

1885-ல் ஷிகோகு தீவின் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா ஊர் டாக்டர். 1905-ல் ராணுவ அகாடமி முடித்து, பிறகு சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா என்று தூதரகங்களில் வேலை பார்த்தார். 1936-ல் டோக்கியோவில் இளம் அதிகாரிகள் கலகம் செய்தபோது அவர்கள் பக்கம் சாய்ந்தார். பேரரசருக்கு அது பிடிக்கல. கொரியாவுக்குத் தூக்கியடிச்சாங்க.

1941 டிசம்பர் 8 அன்று அவருடைய 25-வது படை மலாய் தீபகற்பத்தில் இறங்கியது. நிறைய பேர் வந்தது சைக்கிளில்! எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் விழுந்தது. தாக்கியவர்கள் சுமார் 30,000 பேர், சரணடைந்தவர்கள் 80,000-க்கும் மேல். குண்டுகள் தீர்ந்துபோகும் நிலையை மறைத்து மிரட்டியே ஜெயித்தார். 'மலேயாப் புலி' என்ற பேர் அப்போ வந்தது. அந்தப் பயம் நம்ம கரை வரைக்கும் வந்துச்சு. ஏப்ரல் மாதம் ஜப்பான் கப்பல்கள் வங்கக் கடலுக்குள் வந்தபோது மெட்ராஸே காலியாச்சு. பழவேற்காட்டுக் குப்பங்கள் அங்கிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர்கூட இல்லை, அதே கடல்.

இப்போ வாளுக்கு வருவோம். பழைய முறையில் எஃகை மடித்து மடித்து அடிப்பார்கள். களிமண் பூசி, சூடாக்கி, தண்ணீரில் இறக்குவார்கள். களிமண் மெல்லிசா இருக்கிற விளிம்பு சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் ஆகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும். (மெட்டீரியல்ஸ் பேப்பர்ல தூங்காதவங்களுக்குப் புரியும்.) போர்க்காலத்துக்கு அந்தப் பொறுமை ஏது? ஆலை எஃகை எண்ணெயில் குளிர வைத்து ஆயிரக்கணக்கில் தள்ளினார்கள். மஞ்சூரியாவில் ஒரு ரயில்வே கம்பெனிகூட வாள் செய்தது. போர் முடியும் சமயம் சார்ஜெண்ட்களுக்குக் கிடைத்த வாள்களில் உலோகக் கைப்பிடி போய், குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய வெறும் மரம் வந்துவிட்டது. தட்டுப்பாடு அதிலேயே தெரியும்.

வெளியே பார்த்து மட்டும் முடிவு பண்ணக் கூடாது. மூங்கில் ஆணியைத் தட்டிக் கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் வால் பகுதிதான் பேசும். ஆலை வாள் என்றால் பெரும்பாலும் முத்திரை இருக்கும். சில நேரம் சாதாரண ராணுவ உறைக்குள்ளேயே, கொல்லர் பேர் வெட்டிய முந்நூறு வருஷத்துப் பழைய வாள் கிடைக்கும். யமஷிதாவின் வாள் அந்த ரகம். புஜிவாரா கனெநாகா என்ற கொல்லர் 17-ஆம் நூற்றாண்டில் அடித்தது, கைப்பிடி மட்டும் 1900 வாக்கில் மாற்றியது.

அதை அவர் ஒப்படைத்தது பிலிப்பைன்ஸில். 1944 அக்டோபரில் அங்கே அனுப்பப்பட்டவர், 1945 செப்டம்பர் 3 அன்று பாகியோவில் சரணடைந்தார். சிங்கப்பூரில் அவரிடம் தோற்ற பெர்சிவலும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் விசாரணை. மணிலாவில் பொதுமக்களைக் கொன்று குவித்தவர்களில் பெரும்பாலோர் கடற்படை ஆட்கள், நகரை விட்டு விலகச் சொன்ன அவர் உத்தரவை மீறி நின்றவர்கள். ஆனாலும் படையைக் கட்டுப்படுத்தாத தளபதிதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது, இரண்டு நீதிபதிகள் மட்டும் எதிர்த்தார்கள். 1946 பிப்ரவரி 23 அன்று, ராணுவ உடையைக் கழற்றிவிட்டுத் தூக்கில் போட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேற. 1942-ல் சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கான சீனர்களைப் பொறுக்கி எடுத்துச் சுட்டது அவருடைய சொந்தப் படை. அவர்மேல் போட்ட வழக்கு முழுக்க பிலிப்பைன்ஸ் பற்றியது, அதில் சிங்கப்பூர் இல்லை. அதற்கு 1947-ல் அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றினார்கள், அவர் செத்து ஒரு வருஷம் கழித்து. வாள் இப்போ அமெரிக்காவில், வெஸ்ட் பாயின்ட் அருங்காட்சியகத்தில் இருக்கு.