நள்ளிருளில் வீழ்ந்த விமானி

பகலொளியில் மலையும் ஆறும் வழிகாட்ட வான்வழிச் செல்வது ஒன்று. மண் எது, விண் எது எனத் தெரியாத இருளிற் செல்வது மற்றொன்று. அவ்விருளில் வழிதப்பி வீழ்ந்தும் உயிர் பிழைத்து, அவ்வீழ்ச்சியினின்றே ஓர் உண்மையை உணர்ந்து உலகிற்கு உரைத்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் பிரான்சு நாட்டு அந்த்வான் து செந்த் எக்சுபெரி என்பார்.

இவர் 1900-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள் லியோன் நகரில் தோன்றினார். நான்கு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். கடற்படைக் கல்லூரியிற் சேர எழுதிய தேர்விலும் தவறினார். 1921-இல் படைத்தொழில் பயிலச் சென்றவிடத்து விமானம் செலுத்தக் கற்றார். 1926-இல் துலூஸ் நகரத்துத் தபால் விமானக் கம்பெனியில் அமர்ந்து, அடுத்த ஆண்டில் சகாராவின் மேலைக் கரையிலுள்ள காப் ஜூபி நிலையத்திற்குத் தலைவரானார். அக்காலத்து விமானப் பொறிகள் இடைவழியில் நின்றுபோதல் வழக்கம். மணலில் இறங்க நேர்ந்த விமானிகளைத் தேடி மீட்பதும், அப்பாலைவனக் குடிகளோடு நட்புப் பேணுவதும் இவர்தம் கடமையாயின.

பின்னர்த் தென்னமெரிக்காவில் தபால் விமானப் பணி புரிந்தார். பகலில் விமானம் பெற்ற முந்துதலை இரவெல்லாம் ஓடும் இரயிலும் கப்பலும் அழித்துவிடும். ஆதலின் இரவிலும் பறத்தல் இன்றியமையாததாயிற்று. இரவில் இறங்குவார்க்குத் தரையிற் பிறர் ஏற்றிவைத்த விளக்கே துணை. அவ்விளக்கைக் காணாது இருளிற் புயலிடைப்பட்ட விமானி ஒருவனை, 1931-இல் வெளியிட்ட 'இரவுப் பறப்பு' என்னும் நாவலில் இவர் படைத்தார். நான்காண்டு கழிந்து ஏறத்தாழ அந்நிலையே தமக்கும் வருமென அவர் கருதியிரார்.

பாரிசிலிருந்து சைகோனுக்கு முன்னையோரினும் விரைந்து செல்வார்க்கு 1,50,000 பிராங்கு பரிசென அறிவிக்கப்பட்டிருந்தது. பொருள்முட்டுற்றிருந்த எக்சுபெரி, 1935 டிசம்பர் 29-ஆம் நாள், பிரெவோ என்னும் பொறிவினைஞருடன் சிறு விமானமொன்றிற் புறப்பட்டார். பெங்காசியை விட்டுக் கெய்ரோ நோக்கிச் செல்கையில் மேகமும் இருளும் சூழ்ந்தன. வானொலிக் கருவி இன்மையால் காற்றின் போக்கை அறியக்கூடவில்லை. நைல் ஆற்றங்கரை விளக்குகள் தோன்றுமென எண்ணித் தாழ்ந்து வந்தார். பின்னிரவு 2.45 மணியளவில், மணிக்கு 270 கிலோமீட்டர் விரைவிற் சென்ற விமானம் பாலைவன மேட்டுநிலத்தில் மோதிற்று. தரையிற் பரந்துகிடந்த உருண்டைக் கற்கள் உருளைகள்போல் உருண்டமையால் விமானம் சறுக்கிச் சென்று நின்றது, இருவரும் பிழைத்தனர்.

ஆயினும் தண்ணீர்க்கலம் உடைந்துபோயிற்று. எஞ்சியவை சிறிது காப்பியும், சிறிது திராட்சைமதுவும், சில பழங்களுமே. ஏறத்தாழ மூன்று நாட்கள் கானல்நீரிடை அலைந்து, நாவறண்டு, இறப்பின் வாயிலை எய்தினர். தம் வேட்கையினும், தம்மை எதிர்நோக்கி வீட்டில் வாடுவாரை நினைந்தே எக்சுபெரி மிக வருந்தினார். ஈற்றில் ஒட்டகத்தில் வந்த அராபியர் ஒருவர் நீரளித்துக் காத்தார். முன்னர்ப் பாலையிற் பிறரை மீட்டவர் இப்போது பாலைக்குடியொருவரால் மீட்கப்பெற்றார்! பெயரும் அறியாத அவர் முகத்தில் மானிடர் அனைவரையும் கண்டதாக, 1939-இல் எழுதிய நூலில் உள்ளமுருகிக் கூறியுள்ளார்.

1943-இல் வெளிவந்து, தமிழிலும் 'குட்டி இளவரசன்' எனப் பெயர்க்கப்பட்ட கதையும், பாலையில் விமானம் பழுதுற்று இறங்கிய ஒருவன் கூற்றாகவே அமைந்தது. 1944 ஜூலை 31-ஆம் நாள் கோர்சிகாத் தீவினின்று போர்க்கால வேவுப்பணிக்குப் பறந்தவர் மீளவில்லை. மார்செய் நகரையடுத்த கடலிற் கிடைத்த சிதைவுகள் அவர் விமானத்தினவே என்பது 2004-இல் உறுதிப்பட்டது.

தம் ஆற்றலையே நம்பிப் பரிசு நாடிச் சென்ற எக்சுபெரியின் கணக்கு இருளிற் பொய்த்தது. அயலார் ஒருவரின் இரக்கம் பொய்க்கவில்லை. தேர்வும் பரிசுமே குறிக்கோளாக ஓடும் மாணவராகிய நாம் இதனைச் சிந்தித்தல் நன்று. நாம் இறங்கும் இடமெல்லாம் யாரோ ஒருவர் விளக்கேற்றி வைத்துள்ளார். நமக்குப் பின்னே இருளில் வருவார்க்கு நாமும் ஒரு விளக்கேனும் ஏற்றி வைப்போமாக.