கல்லில் வரலாறு கண்ட இராபர்ட் புரூஸ் ஃபூட்

வரலாறு என்றவுடன் நம் மாணவர் உள்ளத்தில் தோன்றுவன செப்பேடுகளும் கல்வெட்டுகளும் கோட்டைகளுமே. செப்பேட்டில் ஊரைத் தானமாகக் கொடுத்த மன்னனின் பெயர் உண்டு. பெற்றவரின் பெயரும் குலமும் கோத்திரமும் உண்டு. அவ்வூரின் ஏரியை வெட்டியவர் பெயரும், வயலில் இறங்கி உழைத்தவர் பெயரும் பெரும்பாலும் இருப்பதில்லை. எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்கு வரலாறே இல்லையோ என்று எண்ணும்படி நம் பிள்ளைகள் பாடம் படித்து வந்துள்ளனர். எழுத்தே தோன்றாத காலத்திற்கும் வரலாறு உண்டென்றும், அதற்கு மனிதனின் கைவேலையே சான்றென்றும் இம்மண்ணில் காட்டியவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவர் வாழ்க்கையைக் கூறுவது பொருத்தமே எனக் கருதுகிறேன்.

அவர் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். ஊர் ஊராக முகாமிட்டுப் பாறைகளையும் மண் அடுக்குகளையும் ஆராய்ந்து நிலப்படம் வரைவதே அவருடைய அரசுப் பணி. 1862இல் அவர் மணந்த எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளாவார். யாழ்ப்பாணத்தில் கல்விப் பணி புரிந்து, ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் அவர்களே இவருடைய மாமனார் என்பதைத் தமிழர் பலர் அறியார்.

அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞரிடையே ஒரு பெரும் விவாதம் நடந்து முடிந்திருந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கள் மனிதன் செதுக்கிய கருவிகளே என்று 1859இல் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டனர். மனித இனம் மறைநூல்கள் கூறும் காலத்தினும் மிகப் பழமையானது என்பது அதனால் உறுதியாயிற்று. அச்செய்தியை உள்ளத்தில் கொண்டிருந்த ஃபூட், இந்திய மண்ணிலும் அத்தகைய சான்று இருத்தல் கூடும் என்று விழிப்புடன் இருந்தார்.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள். பல்லாவரம் படைமுகாமின் அணிவகுப்புத் திடலில் சரளைக்காகத் தோண்டப்பட்டிருந்த ஒரு சிறு குழியின் அருகே, வெளியே எறியப்பட்டிருந்த கற்குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. இயற்கையாக உடைந்த கல்லன்று அது. மனிதன் வேண்டுமென்றே செதுக்கிய கருவி. இந்தியாவில் பழைய கற்காலத்தது என்று அடையாளம் காணப்பட்ட முதற்கருவி அதுவே. அக்குழியைத் தோண்டியவர் யாரோ, அவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அவருடைய மண்வெட்டி வெளியே தள்ளியிராவிட்டால், ஃபூட்டின் கண்ணுக்கு அக்கல் எட்டியிராது.

அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரோடு சென்று, சென்னைக்கு வடமேற்கே கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கைக்கோடரிகளைக் கண்டார். 1866இல் இக்கண்டுபிடிப்புகளை விரிவாக எழுதி வெளியிட்டார். அக்கருவிகளின் வயதை ஆண்டுக் கணக்கில் கூற அன்று வழியில்லை. பின்னாளில் சாந்தி பப்பு அவர்களும் அவருடைய குழுவினரும் அதே அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் அறிவித்தனர். பழைய கற்காலப் பாடத்தை ஒரே வகுப்பில் முடித்துவிட்டு அரசர்களிடம் விரைந்தோடும் ஆசிரியர்களுள் நானும் ஒருவனாக இருந்தவன். இவ்வெண்ணைக் கண்ட பின் அவ்வாறு ஓட மனம் வரவில்லை.

ஃபூட் கல்லின் வடிவத்தோடு நின்றுவிடவில்லை. அது எந்தப் பாறையைச் சேர்ந்தது, அப்பாறை எங்கே கிடைக்கும் என்றும் ஆராய்ந்தார். பழைய கற்கால மக்கள் குவார்ட்சைட் என்னும் கடினக் கல்லையே பெரிதும் விரும்பினர் என்றும், புதிய கற்கால மக்கள் கரும்பாறையைச் செதுக்கித் தேய்த்து மெருகேற்றினர் என்றும் கண்டார். தொழில் செய்பவன் தன் மூலப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் அறிவை அவர் மதித்தார் எனலாம்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் ஈர்த்தது பல்லாரிப் பகுதிச் சாம்பல் மேடுகள் பற்றிய ஆய்வாகும். அங்கே பெரும் சாம்பல் குவியல்கள் பல உண்டு. ஹம்பிக்கு அருகில் உள்ள ஒரு மேட்டை வாலியை எரித்த சாம்பல் என்றே மக்கள் கூறினர். இராபர்ட் சூவல் என்னும் அறிஞரோ, மனிதர்களைப் பெருந்தொகையாக எரித்த இடங்கள் அவை என்று கருதினார். ஃபூட் அம்மேடுகளில் கிடந்த கற்கோடரிகளையும் பானை ஓடுகளையும் கால்நடை எலும்புகளையும் கண்டு, இவை புதிய கற்கால மக்கள் மாட்டுச் சாணத்தைக் குவித்து எரித்ததால் உண்டானவை என்று முடிவு செய்தார். அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின், 1957இல் ஆல்ச்சின் என்பவர் உத்னூரில் அகழ்ந்தபோது மாட்டுக் குளம்புகளின் தடங்களே கிடைத்தன. சாம்பலைச் சோதித்த சாய்னரும் அது சாணத்தின் சாம்பலே என்று உறுதிப்படுத்தினார். சாணம் அள்ளுவதையும் செத்த மாட்டை அகற்றுவதையும் நம்மவர் தலையில் சுமத்தி, அதையே இழிவென்று தூற்றிய ஊர்களில் வளர்ந்தவர்கள் நாம். தென்னிந்தியாவின் முதல் உழவரும் ஆயரும் விட்டுச் சென்ற பெரும் நினைவுச் சின்னம் கோபுரமன்று, சாணக் குவியலே என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தியாகும்.

மட்பாண்டங்களிலும் அவர் அதே கவனம் செலுத்தினார். முழுப் பானை கிடைத்தால் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகளை ஒதுக்கும் வழக்கம் சேகரிப்போரிடையே இருந்த காலம் அது. ஃபூட் உடைந்த ஓடுகளையும் இடம் குறித்துச் சேர்த்தார். புதிய கற்காலப் பாண்டங்கள் பெரும்பாலும் மங்கிய நிறமும் சொரசொரப்பும் உடையவை என்றும், இரும்புக் காலத்தவை நல்ல நிறமும் மெருகும் கொண்டவை என்றும் பிரித்துக் காட்டினார்.

அவர் கூறியவை யாவும் நிலைத்துவிடவில்லை. பழைய கற்காலத்திற்கும் புதிய கற்காலத்திற்கும் இடையே மக்கள் வாழ்வில் மிகப் பெரிய இடைவெளி இருந்தது என்று அவர் எண்ணினார். அவ்விடைக்காலத்தில் நுண்கற்கருவி செய்த மக்கள் வாழ்ந்தனர் என்பதைப் பின்வந்தோர் நிறுவினர். திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரம் தேரி மணலில் அத்தகைய சிறு கருவிகளை ஃபூட் தாமே பொறுக்கியெடுத்திருந்தார் என்பதுதான் வியப்பு. கையில் விடையை வைத்துக்கொண்டே அதனைக் காணாதிருந்தார்.

1880களில் கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளை அவரும், பின்னர் அவர் மகனும் ஆராய்ந்தனர். 1891இல் ஓய்வு பெற்றபின் பரோடா அரசிலும் மைசூர் அரசிலும் பணியாற்றினார். சபர்மதி ஆற்றுப் படுகையிலும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார்.

வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொகுப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு விற்றார். நன்கொடையாகத் தந்திருக்கலாமே என்று சிலர் கூறக்கூடும். கப்பலேறி இலண்டன் சென்றிருக்கக்கூடிய கற்கள் இங்கேயே தங்கின என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பின்னர் ஏற்காட்டில் தங்கி, அத்தொகுப்பின் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணும் இடமும் குறித்துப் பட்டியல் எழுதுவதில் முதுமையைச் செலவிட்டார்.

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவர் அஸ்தி ஏற்காட்டுக் கிறித்தவ ஆலயத்தில், மாமனார் பெர்சிவல் அடக்கமான அதே ஊரில் வைக்கப்பட்டது. பட்டியல் 1914இலும் அதன் விளக்கக் குறிப்புகள் 1916இலும் அச்சாயின. அச்சான அப்பக்கங்களை அவர் காணவில்லை.