தறியும் அரங்கும்: ருக்மிணி தேவி அருண்டேல்

1947ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாரிசு நகரில் கிறிஸ்டியன் டியோர் தம் முதல் ஆடைத் தொகுப்பை வெளியிட்டார். அவர் காலத்து வடிவமைப்பாளர்கள் தாளில் தீட்டிய ஆடைக் கோட்டோவியங்கள் இன்று அருங்காட்சியகங்களில் கலைச்செல்வங்களாகக் காக்கப்படுகின்றன. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் கட்டங்களை வகுத்த செட்டிநாட்டு நெசவாளர்களோ பெயரறியப்படாதவர்கள். அச்சேலைக்குப் புவிசார் குறியீடே 2019இல்தான் கிட்டியது. டியோருக்குப் பத்தாண்டுகள் முன்பே, தறியில் பிறக்கும் வடிவமும் கலையே எனக் கருதிச் சென்னையில் நெசவுக்கூடம் கண்டவர் ருக்மிணி தேவி.

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்த அவர், பொறியாளரும் பிரம்மஞான சபையினருமான நீலகண்ட சாஸ்திரியின் மகள். 1920இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது சென்னைச் சமூகம் கொதித்தெழுந்தது. உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை ஆடற்கலையின்பால் ஈர்த்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். இசைவேளாளர் மரபினர் வாழையடி வாழையாகக் காத்த கலை அது; அவர்கள் மீது சமூகம் சுமத்திய பழியால் நலிந்திருந்தது. பிற குலத்துப் பெண் அதனை ஆடத் துணிந்தது பெரும் புரட்சியே. எனினும், புதிய மேடைகளில் அம்மரபுப் பெண்கள் பலருக்கு உரிய இடம் கிட்டவில்லை என்பதையும் வரலாறு மறைக்கலாகாது.

ஆடலுக்குரிய உடையிலும் அவர் கருத்து ஊன்றினார். கோயிற் சிற்பங்களின் அணிகளையும் ஆடை மடிப்புகளையும் கூர்ந்து நோக்கினார். சென்னையில் வாழ்ந்த இத்தாலியத் தையற்கலைஞர் மேடம் கசானின் துணையோடு, தைத்த நடன உடையை உருவாக்கினார். ஆடுபவர் அரைமண்டியில் அமரும்போது விசிறியென விரியும் முன்மடிப்பு இன்று பரதநாட்டியத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவினார். அடுத்த ஆண்டே அங்குத் தறிகள் ஒலித்தன. ஆலைத் துணியின் பெருக்கத்தால் கைத்தறி தளர்ந்திருந்த காலம் அது. பழஞ்சேலைகளின் வண்ணங்களையும் கரை வடிவங்களையும் தேடி மீட்டார். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலைக்குத் தனித்தனி நாடாக்கள் வேண்டும். நெசவாளருடன் துணையாள் ஒருவரும் தறியில் அமர வேண்டும். பொழுதும் உழைப்பும் மிகுதியாகக் கோரும் அம்முறையைக் கைவிடாது போற்றினார். இச்சேலைகளை அவரே விரும்பி உடுத்தினார். அவையே அவர் பணிக்குச் சிறந்த விளம்பரமாயின எனலாம்.

1952இல் மாநிலங்களவை உறுப்பினரானார். உயிர்வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேற அவரது முயற்சியே வித்திட்டது. 1977இல் குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தபோதும் ஏற்க மறுத்து, கலைப்பணியிலேயே நிலைத்தார். 1986 பிப்ரவரி 24 அன்று சென்னையில் மறைந்தார். திருவான்மியூரில் அவர் வளர்த்த கலாக்ஷேத்ராவில் தறிகள் இன்றும் இயங்குகின்றன.