நீதியரசர் அ. வரதராசன்

நம் கொரட்டூர் நிலையத்தைக் கடந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை, அரக்கோணம், காட்பாடி வழியாக ஜோலார்பேட்டையைச் சென்றடைகிறது. அந்த ஜோலார்பேட்டையில் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் பிறந்தவர் நீதியரசர் அ. வரதராசன். தாழ்த்தப்பட்ட சமுதாயத்திலிருந்து இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக உயர்ந்த முதல் பெருமகன் அவரே. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இளைஞர்கள் அவர் ஏறிய படிகளை அறிந்துகொள்ள வேண்டும்.

சென்னையில் லயோலா கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரான அவர், 1949இல் மாவட்ட முன்சீப்பாகப் பதவியேற்றார். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டம் முழுமையாக நடப்புக்கு வந்தது 1950 சனவரி 26இல். அதற்கு முந்திய ஆண்டிலேயே நம்மவர் ஒருவர் நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்துவிட்டார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் நிமிர்கிறது.

முன்சீப் நீதிமன்றம் நீதித்துறையின் அடிப்படி. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கடன் பத்திரம் என மக்களின் அன்றாட வழக்குகள் முதலில் வந்து சேரும் இடம் அது. சாட்சியின் சொல்லை நேரில் கேட்டு எடைபோடும் பொறுப்பு விசாரணை நீதிபதிக்கே உரியது. அப்பணியில் உழைத்து, அவர் மாவட்ட நீதிபதியாக உயர்ந்தார்.

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தோன்றியது. நூற்றுப்பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அங்கே தாழ்த்தப்பட்டோர் ஒருவர்கூட நீதிபதியாக அமரவில்லை. இக்குறையைத் தந்தை பெரியார் எடுத்துரைத்தார். முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதியின் அரசு வரதராசனின் பெயரைப் பரிந்துரைத்தது. 1973 பிப்ரவரியில் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அரசின் பரிந்துரை கதவைத் திறந்தது உண்மையே. ஆயினும், பரிந்துரைக்கத் தக்க ஒருவர் இருபத்துநான்கு ஆண்டு அனுபவத்தோடு அணியமாக இருந்தார் என்பதும் அதே அளவு உண்மை.

1980 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்று, 1985 ஆகஸ்டு வரை பணியாற்றினார். விமானப் பணிப்பெண் முதன்முறை கருவுற்றதும் வேலையிழக்க வேண்டும் என்ற ஏர் இந்தியாவின் விதியை 1981இல் செல்லாததாக்கிய மூவர் அமர்வில் அவர் இருந்தார். சூழ்நிலைச் சான்றுகளை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டிப்பதாயின் அச்சான்றுகள் இடையறாத சங்கிலியாக அமைய வேண்டும் என வரையறுத்து, மரண தண்டனை பெற்றிருந்த ஒருவரை 1984இல் விடுவித்த அமர்விலும் இருந்தார். விசாரணை நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றும் நெறி அது. 2009 அக்டோபரில் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் கே.ஜி. பாலகிருஷ்ணன் 2007இலும், பி.ஆர். கவாய் 2025இலும் இந்தியத் தலைமை நீதிபதிகளாயினர். ஆனால் 2010 முதல் 2019 வரை ஒன்பது ஆண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் நம்மவர் எவரும் இல்லை. ஒருமுறை திறந்த கதவு என்றும் திறந்தே இருக்கும் என்று நாம் வாளாவிருத்தல் கூடாது.

இளைஞர்களே! டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி 2018 முதல் திருவள்ளூரை அடுத்த பட்டறைப்பெரும்புதூரில் இயங்குகிறது. அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் நீதிமன்றங்கள் உள்ளன. உரிமையியல் நீதிபதிப் பதவிக்குத் தேர்வாணையத் தேர்வு நடைபெறுகிறது. வரதராசன் கால்வைத்த அந்த முதற்படியில் நம் பிள்ளைகளும் பெண்மக்களும் ஆண்டுதோறும் கால்வைப்பார்களாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.