பீத்தோவனும் காது கருவியும்: இசைமேதைக்கு ஏன் எந்தக் கருவியும் கைகொடுக்கவில்லை?

1824 மே 7. வியன்னாவின் கேர்ன்ட்னர்டோர் அரங்கம். லுட்விக் வான் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முதல்முறையாக அரங்கேறுகிறது. கைதட்டல் அரங்கையே அதிர வைக்கிறது. ஆனா, அந்த இசையை எழுதியவருக்கு அது கேட்கவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்ற அவரைப் பாடகி கரோலின் உங்கர் திருப்பிவிட்ட பிறகுதான், மக்கள் கைதட்டுவதையே கண்ணால் பார்த்தார் என்பது அன்று அங்கே இருந்தவர்கள் வழியாக வந்த செய்தி.

இவ்வளவு பெரிய மேதையிடம் காது கருவி இல்லையா? இருந்தது. ஒன்றல்ல, பல. பிறகு ஏன் உதவவில்லை?

எப்போது தொடங்கியது?

பீத்தோவன் 1770-ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். 1792-ல் வியன்னாவுக்கு வந்து, பியானோ கலைஞராகப் பெயர் வாங்கினார். 30 வயதைத் தொடுவதற்கு முன்பே காதில் சிக்கல் ஆரம்பித்துவிட்டது.

1801-ல் மருத்துவ நண்பர் வெகலருக்கு எழுதிய கடிதத்தில் தன் நிலையை விவரித்தார். இரவு பகலாகக் காதில் இரைச்சல். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் இசைக்கருவிகளின் உச்ச ஸ்வரங்கள் கேட்பதில்லை. யாராவது மெதுவாகப் பேசினால் சத்தம் வருகிறது, வார்த்தை புரிவதில்லை. சரி என்று எதிரில் இருப்பவர் கத்திப் பேசினால், அதையும் தாங்க முடியவில்லை.

இந்தக் கடைசி இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

மறைத்து வைத்த ஆண்டுகள்

காது கேட்கவில்லை என்று வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். இசைக்கலைஞருக்கே காது போச்சு என்று தெரிந்தால் எதிரிகள் என்ன பேசுவார்கள் என்ற பயம் வேறு. கிட்டத்தட்ட 2 வருடம் விருந்து, விசேஷம் எல்லாவற்றையும் தவிர்த்தார். பாதாம் எண்ணெய் விடுவது, டானூப் நதி நீரில் வெதுவெதுப்பான குளியல் என்று மருத்துவர்கள் சொன்னதையெல்லாம் செய்தார். காது தேறவில்லை.

1802 அக்டோபரில், வியன்னாவுக்கு அருகில் ஹைலிகன்ஸ்டாட் கிராமத்தில் தங்கியிருந்தபோது, தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிரை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்ததையும், இசைதான் தன்னைத் தடுத்து நிறுத்தியதையும் அதில் பதிவு செய்தார். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. இறந்த பிறகுதான் அவரது காகிதங்களுக்கு இடையில் கிடைத்தது.

மெல்ட்செல் செய்த கருவிகள்

காது கேட்கும் திறன் குறையத் தொடங்கி 10 வருடங்களுக்கும் மேலான பிறகுதான் கருவி வந்தது. செய்துகொடுத்தவர் யோஹான் நெப்போமுக் மெல்ட்செல். பின்னாளில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவிக்குக் காப்புரிமை வாங்கியவர் இவர்தான். 1812-க்கும் 1814-க்கும் இடையில் பீத்தோவனுக்காக உலோகத்தில் ஊதுகுழல் போன்ற பல காதுக்குழல்களைச் செய்தார். நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று, கையால் பிடிக்காமல் தலையில் மாட்டிக்கொள்ளப் பட்டை வைத்தது ஒன்று என வடிவங்கள் மாறின. அவற்றில் சில இன்றும் பான் நகரின் பீத்தோவன் இல்ல அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஏன் போதவில்லை?

காதுக்குழலில் பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. அகன்ற வாய் ஒலியைச் சேகரித்து, குறுகிய முனை வழியாகக் காதுக்குள் செலுத்தும். கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைக்கிறோம் இல்லையா, அதே வேலைதான்.

இதுல சிக்கல் என்னன்னா, குழல் ஒலியைப் பெரிதாக்குமே தவிர, யாருக்கு எந்த ஸ்வரம் கேட்கவில்லை என்று பார்த்துப் பெரிதாக்காது. பீத்தோவன் முதலில் இழந்தது உச்ச ஸ்வரங்களை. பேச்சில் ச, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் இருப்பதும் அந்தப் பகுதியில்தான். அவை போய்விட்டால், சத்தம் கேட்கும், சொல் புரியாது. அதே சமயம் பலத்த ஒலி வந்தால், குழல் அதையும் சேர்த்தே காதில் கொட்டும்.

இசைக்கருவியை மாற்றியும் பார்த்தார். 1818-ல் லண்டனின் பிராட்வுட் நிறுவனம் பரிசாக அனுப்பிய, ஒலி வலுவான பியானோ வந்து சேர்ந்தது. ஆனா அதற்குள் மேடையில் பியானோ வாசிப்பது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது.

நோட்டுப் புத்தகமே துணை

அதே 1818 முதல் நோட்டுப் புத்தகங்கள் கைக்கு வந்தன. பார்க்க வருபவர்கள் எழுதிக் காட்டுவார்கள், இவர் பெரும்பாலும் வாயாலேயே பதில் சொல்வார். அதனால் நூற்றுக்கும் மேற்பட்ட அந்த நோட்டுகளில் பல இடங்களில் உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது.

1823-ல், தன்னைப் போலவே காது மந்தமான ஒருவருக்கு இந்த நோட்டில் அவரே ஆலோசனை எழுதினார். கருவிகளை ரொம்ப சீக்கிரம் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் சாரம். அவற்றைத் தவிர்த்ததால்தான் தன் இடது காது ஓரளவு தப்பியது என்று நம்பினார்.

இன்று ஒலியியல் வல்லுநர்கள் சொல்வது இதற்கு நேர் எதிர். பொருத்தமான கருவியைத் தள்ளிப் போட வேண்டாம், தாமதமாகத் தாமதமாகப் பேச்சுக்குப் பழகுவது கடினமாகும் என்கிறார்கள்.

இன்று பீத்தோவன் இருந்தால்?

முதல் வேலை, கருவி வாங்குவது அல்ல, பரிசோதனை. எந்த ஒலி எந்த அளவில் கேட்கிறது என்பதை ஆடியோகிராம் வரைபடமாகக் காட்டிவிடும். 1827 மார்ச் 26-ல் அவர் இறந்த பிறகு நடந்த உடற்கூறாய்வில், செவி நரம்புகள் சுருங்கியிருந்தது தெரிந்தது. காரணம் என்ன என்பது இன்றுவரை புதிர். 2023-ல் வெளியான, அவரது தலைமுடியை வைத்து நடந்த மரபணு ஆய்விலும் விடை கிடைக்கவில்லை.

ஆரம்ப கட்டத்தில் என்றால், கேட்காத உச்ச ஒலிகளை மட்டும் கூட்டி, பலத்த சத்தத்தைத் தானே அடக்கும் டிஜிட்டல் கருவி அவருக்கு உதவியிருக்கலாம். காதுக்குப் பின்னால் மாட்டுவதா, காதுக்குள் வைப்பதா என்பது குறைபாட்டின் அளவைப் பொறுத்தது. இசை கேட்பவர்களுக்குத் தனி அமைப்பும் உண்டு. கருவியால் பயனே இல்லாத கடுமையான கட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை ஒரு வழி. ஆனா அது பேச்சைப் புரியவைக்கும் அளவுக்கு இசையின் நுட்பத்தைத் தருவதில்லை.

மெல்ட்செல் நல்ல கைவினைஞர்தான். ஆனா அவர் வடிவத்தை மாற்றி மாற்றிச் செய்தாரே தவிர, பீத்தோவனின் காதை அளந்து பார்க்க அன்று வழியில்லை. இன்று இருக்கிறது. வீட்டுப் பெரியவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலோ, சத்தம் கேட்குது, பேசுறதுதான் புரியல என்று சொன்னாலோ, கடையில் கருவியின் விலையைக் கேட்பதற்கு முன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நல்லது. பீத்தோவன் 1801-லேயே கடிதத்தில் எழுதிய அறிகுறி அதுதான்.