விலைச்சீட்டின் பின்னே ஒரு வணிகர்

கடையில் ஒரு சட்டையைக் கையில் எடுத்தவுடன் நம் கண்கள் முதலில் தேடுவது அதில் தொங்கும் விலைச்சீட்டைத்தான். அந்தச் சீட்டு வருவதற்கு முன்னர், ஆளைப் பார்த்து விலை சொல்வதே வணிகமாக இருந்தது. உடுத்திய துணியையும் பேச்சின் தோரணையையும் பொறுத்து விலை ஏறும், இறங்கும். இவ்வழக்கத்தை ஊரறிய எதிர்த்து, அதனாலேயே பெருஞ்செல்வம் ஈட்டியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர வணிகர் ஜான் வானமேக்கர். அவர் வாழ்வைப் படித்தபோது எழுந்த வியப்பையும் சில ஐயங்களையும் இங்கே எழுதுகிறேன்.

1838-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் செங்கல் அறுக்கும் தொழிலாளி. பச்சைக் கற்களை வெயிலில் புரட்டிப் போடுவது சிறுவன் ஜானின் வேலை. பள்ளிப்படிப்பு இளம் வயதிலேயே நின்றுவிட, புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகவும், பின்னர் ஆடைக் கடையில் விற்பனையாளராகவும் உழைத்தார்.

1861 ஏப்ரல் 8-ஆம் நாள், மைத்துனர் நாதன் பிரவுனுடன் சேர்ந்து ஓக் ஹால் என்னும் ஆடைக்கடையைத் திறந்தார். நான்கே நாளில் உள்நாட்டுப் போர் மூண்டது! கடை திறக்க இதைவிடக் கெட்ட நேரம் வாய்த்திருக்க முடியாது. முதல் நாள் விற்பனை 24 டாலர் 67 சென்ட். அதில் 24 டாலரை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டு, 67 சென்ட்டை மறுநாள் சில்லறைக்காகக் கல்லாவில் போட்டாராம்.

ஒரே விலை என்னும் முறையை அவரே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. நியூயார்க்கில் ஸ்டூவர்ட்டும், பாரிசில் பூசிகோவும் அவருக்கு முன்பே அதைக் கையாண்டவர்கள். வானமேக்கர் செய்தது, அதைச் செய்தித்தாளில் அச்சிட்டு வாக்குறுதியாக்கியது. பொருள் பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் உறுதி கூறினார். செல்வருக்கும் கூலியாளுக்கும் ஒரே எண்! என் தாயாருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். விலை எழுதி வைத்த கடைக்குள் அவர் தயக்கமின்றி நுழைவார். மற்றக் கடைகளில் விலை கேட்கவே கூசுவார். ஆகவே இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழைய ரயில் சரக்குக் கிடங்கு ஒன்றை வாங்கி, 1876-இல் அதைப் பெரிய கடையாகத் திறந்தார். விரைவில் அது துணிமணி முதல் எல்லாம் கிடைக்கும் பல்பொருள் அங்காடியாக வளர்ந்தது. 1878-இல் மின்விளக்கு வந்தது. 1896-இல், கடையில் வேலை பார்த்த சிறுவர் சிறுமியருக்காக ஒரு வணிகப் பள்ளியையே கடைக்குள் அமைத்தார். படிப்பை இழந்தவரல்லவா!

எனினும் அவரை முழுவதும் போற்றவும் இயலவில்லை. 1888 தேர்தலில் ஹாரிசனுக்காகப் பெரும் நிதி திரட்டித் தந்தார். மறு ஆண்டு அஞ்சல்துறைத் தலைவரானார். அவர் காலத்தில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த அஞ்சல் அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர். கடையில் ஆள் பார்க்காதவர் அலுவலகத்தில் கட்சி பார்த்தார். ஆனால் கிராமத்து வீடுகளுக்கே கடிதம் கொண்டுசெல்லும் முறைக்கு வாதாடி, அதற்கான சோதனையைத் தொடங்கியவரும் அவரே. அஞ்சலில் பார்சல் அனுப்பும் வசதியையும் கேட்டார். தனியார் பார்சல் நிறுவனங்கள் எதிர்த்தன. அது நடைமுறைக்கு வந்தது 1913-இல்தான்.

நம் நாட்டுக்கும் அவர் பணம் வந்திருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, 1900-இல் திறக்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் அவருடைய நன்கொடையால் எழுந்தது. அவ்வழியே செல்வோரில் எத்தனை பேர் இதை அறிவர்?

பழைய கிடங்கு இருந்த இடத்தில் பன்னிரண்டு மாடி அங்காடி எழுந்து, 1911-இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் வந்து திறந்துவைத்தார். அதன் நடுமுற்றத்தில் ஆயிரக்கணக்கான குழல்கள் கொண்ட ஆர்கன் இசைக்கருவி ஒன்றை நிறுவியிருந்தார்கள். துணி வாங்க வந்தவர்கள் காசின்றி இசை கேட்டனர்.

1922 டிசம்பர் 12-இல் வானமேக்கர் மறைந்தார். பின்னாளில் கடை, பிலடெல்பியாவைச் சுற்றிய ஊர்களிலெல்லாம் கிளை பரப்பியது. 1978-இல் குடும்பம் அதை விற்றுவிட்டது. 1995-இல் மே என்னும் பெருநிறுவனம் வாங்கிய பின்னர், கடைகளின் முகப்பிலிருந்து அவர் பெயர் நீங்கியது. 2006 முதல் அக்கட்டடத்தில் நடந்த மேசீஸ் கடையும் 2025 மார்ச்சில் மூடப்பட்டது.