கடல் கடந்த கணித மேதை

பிறந்த ஊரையும், பெற்ற தாயையும், பிழைப்புத் தந்த பணியையும் விட்டு அயல்நாடு செல்லுதல் எளிய செயலன்று. செல்பவர் நெஞ்சம் கலங்கும். விடை கொடுப்பவர் நெஞ்சமோ அதனினும் மிகுதியாகக் கலங்கும். சென்று புகழ் எய்தியவரை உலகம் போற்றுகின்றது. அவரைச் செல்ல விட்டுப் பின்னே நின்றவர்களை நினைப்பார் சிலரே. கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட வரலாறு இவ்விரு திறத்தாரின் பெருமையையும் காட்டுவதாகும்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில், தம் தாயைப் பெற்ற பாட்டியின் இல்லத்தில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடும் வழக்கமுடையவர். வறுமை அக்குடும்பத்தை விட்டு அகலவில்லை. பள்ளியில் முதன்மை பெற்று விளங்கிய இராமானுஜன் 1904-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். ஆயினும், கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால், உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டம் இல்லை, பணியும் இல்லை. கையிலிருந்தவை கணித முடிவுகள் நிறைந்த குறிப்பேடுகளே. 1909-ஆம் ஆண்டில் ஜானகி என்னும் பத்து வயதுச் சிறுமியை அவருக்கு மணம் செய்வித்தனர். குடும்பப் பொறுப்பு வந்தமையால் வேலை தேடி அலையலானார்.

1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக அமர்ந்தார். ஊதியம் திங்களுக்கு 30 ரூபாய். அவ்வூதியம் சிறியதேனும், அவ்வேலை அவருக்குப் பெரும்பேறாக வாய்த்தது. கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருடைய திறமையை அறிந்து ஆதரித்தார். அலுவலக மேலதிகாரியாகிய நாராயண ஐயரோ தாமே கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் அவர் இல்லத்தில் இருவரும் ஆளுக்கொரு கற்பலகையுடன் அமர்ந்து, இரவு நெடுநேரம் கணக்கு ஆராய்வர். தாயாரும் மனைவியும் சென்னைக்கு வந்து அவருடன் வாழத் தொடங்கினர். அலைந்து திரிந்த வாழ்க்கை ஒருவாறு நிலைபெற்றது.

இந்நிலையில், 1913-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகக் கணிதப் பேரறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் தம் முடிவுகள் சிலவற்றை எழுதி அனுப்பினார். அவற்றைக் கண்டு வியந்த ஹார்டி, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க விரும்பினார். இராமானுஜன் உடன்படவில்லை. கடல் கடத்தல் குலவழக்கத்துக்கு ஒவ்வாது என்று அக்காலத்து வைதிகர் கருதினர். கடந்தவரை உறவினர் ஒதுக்கி வைப்பதும் உண்டு. தாயாரின் மனத்தைப் புண்படுத்திப் பெறும் புகழை அவர் வேண்டவில்லை. அவ்வாண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. துறைமுகக் கழகமும் விடுமுறை தந்து அவரை விடுவித்தது.

1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜு ஆசிரியர் நெவில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். இராமானுஜனை அழைத்துவர முயலும்படி ஹார்டி அவரிடம் கூறியிருந்தார். மறுப்பே வரும் என்று எண்ணிய நெவில், இராமானுஜன் இசைவு தெரிவித்தது கண்டு வியந்தார். கோமளத்தம்மாள் தடையை நீக்கியமையே அதற்குக் காரணம். தம் மகன் வெள்ளையர் சூழ வீற்றிருக்கக் கனவு கண்டதாகவும், குலதெய்வமாகிய நாமகிரித் தாயார் மகனின் வழியில் குறுக்கே நிற்கலாகாது என்று பணித்ததாகவும் அவ்வம்மையார் கூறினார் என்பர். அன்பும் அச்சமும் ஒருபுறம், மகனின் ஆற்றல் மறுபுறம் நிற்க, அத்தாயுள்ளம் எத்துணைப் போராடியிருக்கும்!

அதன்பின் ஏற்பாடுகள் விரைந்து நடந்தன. ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், கப்பற் செலவும் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்தது. அத்தொகையில் 50 பவுன் தம் குடும்பத்துக்குச் சேருமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்தார். தாம் இல்லாத வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை.

பிரிவு இரு முறையாக நிகழ்ந்தது. புறப்பாட்டுக்குச் சில நாட்களுக்கு முன்னரே தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு இரயிலேற்றி அனுப்பினார். குடுமி களைந்து, மேல்நாட்டு உடை அணிந்த தம் கோலத்தை அவர்கள் காணலாகாது என்பதே அவர் எண்ணம். ஜானகிக்கு அப்போது பதினைந்து வயதும் நிரம்பவில்லை. உடன்வர அவர் விரும்பினார், அது கைகூடவில்லை. வண்டி நகர்ந்தது. இராமானுஜன் கண்ணீர் வடித்தார். அதன் பின்னரே குடுமி நீக்கப்பட்டது.

நாராயண ஐயரிடம் விடைபெற்றபோது, இருவரும் தத்தம் கற்பலகைகளை மாற்றிக்கொண்டனர் என்று சொல்லுவர். மேலதிகாரி தம்கீழ்ப் பணிபுரிந்தவரின் பலகையை நினைவுப் பொருளாகக் கேட்டுப் பெற்றது, அறிவுக்கு அவர் செய்த வணக்கமாகும்.

மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பல் சென்னையை விட்டு நீங்கியது. ஓராண்டுக்கு முன்வரை தாம் கணக்கெழுதிய துறைமுகத்திலிருந்தே இராமானுஜன் புறப்பட்டார். ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டனை அடைந்தார்.

கேம்பிரிட்ஜில் அவரும் ஹார்டியும் இணைந்து அரிய பல உண்மைகளைக் கண்டனர். ஓர் எண்ணை எத்தனை வகையாகப் பகுத்துக் கூட்டலாம் என்பது அவற்றுள் ஒன்று. நான்கு என்னும் எண்ணை ஐந்து வகையாகப் பகுக்கலாம். நூறு என்னும் எண்ணையோ 19,05,69,292 வகையாகப் பகுக்கலாம். இத்தகைய எண்ணிக்கையைக் கணிக்க அவ்விருவரும் வழி கண்டனர். 1918-ஆம் ஆண்டில் இராயல் சங்க உறுப்பினர் என்னும் உயர்சிறப்பு இராமானுஜனுக்குக் கிடைத்தது. எனினும், முதல் உலகப் போரால் காய்கறி உணவு கிடைத்தல் அரிதாயிற்று. குளிரும் தனிமையும் வருத்தின. 1917-ஆம் ஆண்டில் கடும் நோய்வாய்ப்பட்டார்.

அவர் நாடு திரும்பும் காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. அது தம் தேவைக்கு மிகுதி என்று கருதிய இராமானுஜன், பெற்றோருக்கு 50 பவுன் அளித்துத் தம் செலவும் போக எஞ்சியதை ஏழைச் சிறுவரும் அனாதைகளும் கல்வி கற்கப் பயன்படுத்துமாறு 1919-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் எழுதினார். உதவித்தொகை இழந்த துயரை இளமையில் அறிந்தவரல்லவா!

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் பம்பாய்த் துறையில் இறங்கினார். தாயார் அங்குக் காத்திருந்தார். இராமானுஜனின் கண்கள் மனைவியைத் தேடின. ஜானகி சென்னையில் வந்து சேர்ந்தார். நோயின் கடுமையிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே அவர் கணக்கெழுத, ஜானகி அருகிருந்து பணிவிடை புரிந்தார். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், தம் 32-ஆம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் இராமானுஜன் மறைந்தார். ஐந்தாண்டுப் பிரிவுக்குப்பின் கணவருடன் ஓராண்டே வாழ்ந்த ஜானகி அம்மாள், திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து வாழ்ந்து, 1994-ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

இராமானுஜன் கண்ட உண்மைகள் இன்றும் அறிஞர்களின் ஆராய்ச்சிக்கு விருந்தாக உள்ளன. அவை உலகுக்குக் கிடைக்க அவர் அறிவு மட்டுமே காரணமன்று. தடையை நீக்கிய தாயும், இளமையில் தனித்திருந்த மனைவியும், தம் எழுத்தரை மனமுவந்து விடுவித்த மேலதிகாரியும் அப்பெருமையில் பங்குடையவர்களே. அன்புடையவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்புதல் இயல்பு. அவர்தம் ஆற்றல் ஓங்குதற்பொருட்டு, கலங்கிய கண்ணோடும் விடை கொடுத்தல் அதனினும் உயர்ந்த அன்பாகும்.